ஹோர்ன்லி குடிலும் என் ஹீமோகுளோபினும்

நீளமான இழை. பாதி மலை, பாதி மருத்துவம். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க. (டீ பத்தி கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடி திட்டவும் போறேன்.)

அடுத்த வியாழக்கிழமை ராத்திரி எனக்கு ஃப்ளைட். சுவிட்சர்லாந்துல செர்மாட்னு ஒரு ஊர். அங்கேருந்து மேட்டர்ஹார்ன் மலையோட ஹோர்ன்லி குடில் வரைக்கும் ஏறி, அன்னிக்கே இறங்கணும். ட்ரெயில் ரன்னிங்னு சொல்வாங்க, அதாவது ரோட்டுல இல்லாம மலைப்பாதையில ஓடறது. போன வருஷமே போயிருக்க வேண்டியது. ஏன் போகலைங்கறதுதான் இந்த இழை.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். மேட்டர்ஹார்ன் பேர் தெரியலைன்னாலும் படம் பார்த்திருப்பீங்க, பல வருஷம் முக்கோண சாக்லேட் டப்பா மேல இருந்த மலை அது. உச்சி 4478 மீட்டர். கயிறு, வழிகாட்டி, வருஷக்கணக்குல அனுபவம் எல்லாம் இருக்கறவங்க போற இடம். நான் அங்க போகல. உச்சிக்குப் போறவங்க முந்தின ராத்திரி தங்கற குடில் ஒண்ணு 3260 மீட்டர்ல, கல் முகடு செங்குத்தா ஏற ஆரம்பிக்கற இடத்துல இருக்கு. 1880ல கட்டினது, 2015ல புதுப்பிச்சாங்க. அது வரைக்கும் கயிறு இல்லாம போக ஒரு பாதை இருக்கு. என் ஆசை அந்தக் குடிலோட வாசல் வரைக்கும்தான்.

நம்ம ஊர்க் கணக்குல சொன்னா சுலபமா புரியும். செர்மாட் ஊர் 1600 மீட்டர் சொச்சம், கிட்டத்தட்ட குன்னூர் உயரம். நடுவுல ஷ்வார்ட்சேன்னு ஒரு குட்டி ஏரி, 2583 மீட்டர். நம்ம தொட்டபெட்டா 2637. ஆக, குன்னூர்ல ஆரம்பிச்சு தொட்டபெட்டா வரைக்கும் ஏறி, அதுக்கு மேல இன்னும் 600 மீட்டர் ஏறினா குடில். மொத்த ஏற்றம் 1650 மீட்டர், ஒரு வழி தூரம் சுமார் 10 கிலோமீட்டர். கீழ்ப்பாதி காடு, புல்வெளி. ஏரிக்கு மேல பாறையில அடிச்சு வச்ச இரும்புப் படி, அப்புறம் கல்லும் சரளையுமா வளைஞ்சு வளைஞ்சு போற பாதை. மஞ்சள் பலகை இருந்தா சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு போட்டிருந்தா கால் வழுக்காதவங்களுக்கு மட்டும். வெள்ளை-நீலம்-வெள்ளைன்னா கயிறு, பனி, ஏற்றம்னு வேற உலகம். நான் போறது சிவப்பு.

இதுல "ஓட்டம்" எங்க இருக்குன்னு கேட்டீங்கன்னா, நியாயமான கேள்வி. ஏறும்போது பெரும்பாலும் வேக நடைதான், ரெண்டு கையிலும் குச்சியோட. சமதளம் வந்தா ஓடுவேன், இறங்கும்போது கொஞ்சம் ஓடுவேன். பேர் மட்டும் ஓட்டம்.

யோசனை என்னோடது இல்ல. எம்.பி.பி.எஸ்ல என் பக்கத்து பெஞ்ச் தோழி, இப்ப ஜெர்மனியில மயக்கவியல் மருத்துவர். அவ கூப்பிட்டா. "நாப்பத்தஞ்சு வயசாச்சு, இன்னும் முட்டி நல்லா இருக்கறப்பவே வந்துரு" ன்னா. நான் கோயமுத்தூர்ல பொது மருத்துவம் பார்க்கறேன், ஆறு வருஷமா ஓடறேன், அரை மாரத்தான் நாலஞ்சு முடிச்சிருக்கேன். சரின்னேன்.

எனக்குத் திட்டம் போடறது ரொம்பப் பிடிக்கும். ஓடறதை விடவும் பிடிக்கும்னு என் வீட்டுக்காரர் சொல்வார். உடனே எக்செல் ஷீட் ஒண்ணு திறந்தேன்.

மலையில நேரம் கணக்குப் போட ஒரு பழைய சூத்திரம் இருக்கு. 1892ல நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம் கூட்டு. என் பாதைக்கு 2 மணி நேரம் பிளஸ் 2.45, மொத்தம் 4.45. சுவிஸ் வழிப்பலகைகள்லயும் கிலோமீட்டர் போடறதில்ல, மணி நேரம்தான் போடறாங்க. மலையில தூரம் பொய் சொல்லும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

காலை 6 மணிக்குக் கிளம்பினா 10.45க்கு குடில். ஆல்ப்ஸ்ல கோடையில மதியத்துக்கு மேல இடி மின்னல் சகஜம். கல் முகட்டு மேல அந்த நேரத்துல நிக்கக் கூடாது. அதனால எங்க இருந்தாலும் 11.30க்குத் திரும்பணும்னு ஒரு கோடு போட்டேன். ஷீட் அழகா இருந்துச்சு. பச்சைக் கலர் எல்லாம் அடிச்சு வச்சேன்.

அப்புறம் பயிற்சி. வாரநாள்ல மருதமலைப் படி, ஞாயித்துக்கிழமை குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்து ஏற்றம். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத்துல எத்தனை மீட்டர் ஏறினேன்னு ஷீட்ல போடுவேன். 4.45ல குடிலுக்குப் போகணும்னா மணிக்கு 350 மீட்டராவது ஏறணும், அதுவும் மேல காத்து கம்மியான இடத்தையும் சேர்த்து. அதனால இங்க 450 வரணும்னு இலக்கு வச்சேன்.

முதல் மாசம் 310. ரெண்டாவது மாசம் 290. மூணாவது மாசம் 250.

பயிற்சி எடுக்க எடுக்கக் குறையுது. நாடித்துடிப்பு 178 போகுது. பக்கத்துல அம்பது வயசு அண்ணாச்சி ஒருத்தர் கைபேசியில யார்கூடவோ கடன் பாக்கி பத்திப் பேசிக்கிட்டே என்னைத் தாண்டிப் படியேறிப் போறார். நான் கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்.

ஒரு மருத்துவரா நான் என்ன செஞ்சேன்? ஷூ மாத்தினேன். ஷூ சரியில்லன்னு தோணுச்சு. அப்புறம் வாட்ச் தப்பாக் காட்டுதுன்னு நெஞ்சுல கட்டற பட்டை வாங்கினேன். நைட் டியூட்டி மேல பழி போட்டேன். வயசு மேல பழி போட்டேன். கடைசியா, இதைச் சொல்லத்தான் வெக்கமா இருக்கு, ஷீட்டைத் திருத்தினேன். வேகத்தைத் திருத்தல, அது பொய்யாயிடும்ல? கிளம்பற நேரத்தை 6லேருந்து காலை 4.30க்கு மாத்தினேன். மணிக்கு 250ன்னா ஆறரை மணி நேரத்துக்கு மேல ஆகும். 4.30க்குக் கிளம்பினா 11.10க்குப் போயிடலாம். கோட்டுக்குள்ள வந்துருச்சு. மறுபடி பச்சைக் கலர்.

ஷீட்டைத் தோழிக்கும் பகிர்ந்திருந்தேன். அன்னிக்கு ராத்திரியே ஃபோன்.

"ஏண்டி நாலரைக்கு?"

"சும்மா, கூட்டம் இல்லாம இருக்கும்ல."

"மலையில என்ன கூட்டம்? மூணு மாசமா உன் வேகம் இறங்கிட்டே வருது. உன் ஓ.பி.க்கு ஒரு பொம்பள வந்து, மூணு மாசமா படி ஏற முடியல டாக்டர்னு சொன்னா நீ ஷூ மாத்தச் சொல்வியா?"

நான் பேசல.

"ஹீமோகுளோபின் எப்ப பார்த்த?"

ஞாபகம் இல்ல. உண்மையிலேயே ஞாபகம் இல்ல. சின்னவ பிறந்தப்ப பார்த்தது. அவளுக்கு இப்ப 13 வயசு.

ஃபோனை வச்சுட்டு சமையலறைக்குப் போய் ஃப்ரீசரைத் திறந்து ஒரு ஐஸ் கட்டி எடுத்து வாயில போட்டு நறுக்குனு கடிச்சேன். கடிச்ச சத்தத்துலதான் எனக்கே உறைச்சுது. ஏழெட்டு மாசமா தினமும் ஐஸ் கடிக்கறேன். ஓடிட்டு வந்தா உடம்பு சூடு, அதனாலன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். பெரியவ கேட்டிருக்கா, "ஏம்மா ட்ரே எப்பவும் காலியாவே இருக்கு?" ன்னு. அரிசி, சாம்பல், சாக்பீஸ், மண், ஐஸ் இதுல எதையாவது தின்னணும்னு தோணுதான்னு ஓ.பி.ல ரத்தசோகை சந்தேகம் வர்ற ஒவ்வொரு பொண்ணுகிட்டயும் கேக்கற ஆள் நான். இரும்புச்சத்துக் குறைவோட அடையாளம் அது. மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கேன். எடுத்துட்டு வீட்டுக்கு வந்து ஐஸ் கடிச்சிருக்கேன்.

மறுநாள் ரிப்போர்ட். ஹீமோகுளோபின் 8.9. இருக்க வேண்டியது குறைஞ்சது 12. சிவப்பணு அளவு சுருங்கி 68. ஃபெரிட்டின், அதாவது உடம்போட இரும்புச் சேமிப்பு, 4. வங்கிக் கணக்குல நாலு ரூபாய் இருக்கற மாதிரி.

இப்ப அந்த மலைக்கும் இந்த நம்பருக்கும் என்ன சம்பந்தம்னு பார்ப்போம். எனக்கு இந்த இழையில முக்கியமான பகுதி இதுதான்.

உயரத்துல ஆக்சிஜன் சதவீதம் குறையறதில்ல. எவரெஸ்ட்லயும் 21 சதவீதம்தான். குறையறது காத்தோட அழுத்தம். ஹோர்ன்லி குடில் உயரத்துல அழுத்தம் கடல்மட்டத்துல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குதான். அதனால ரத்தம் முழுசா ஆக்சிஜன் ஏத்திக்க முடியாது. விரல்ல மாட்டற கருவி, கோவிட் காலத்துல எல்லார் வீட்லயும் வாங்கினோமே, அது கீழ 98 காட்டினா அங்க 90 பக்கம் காட்டும்.

ஆனா அந்தக் கருவி சொல்றது பஸ்ல எத்தனை சதவீதம் சீட் நிறைஞ்சிருக்குங்கறது மட்டும்தான். மொத்தம் எத்தனை பஸ் ஓடுதுன்னு அது சொல்லாது. பஸ்ஸோட எண்ணிக்கைதான் ஹீமோகுளோபின்.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜன் சுமக்கும். ஹீமோகுளோபின் 13 இருக்கற ஒருத்தி கோயமுத்தூர்ல, 98 சதவீதத்துல: 100 மில்லி ரத்தத்துல 17 மில்லி ஆக்சிஜன். அவளே ஹோர்ன்லி குடில்ல, 90 சதவீதத்துல: 15.7. அவளை எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு, 5364 மீட்டருக்குக் கொண்டு போய் விட்டா, சாச்சுரேஷன் 80ன்னு வச்சுக்குங்க: 13.9.

நான், 8.9ஓட, கோயமுத்தூர்ல, என் வீட்டு சோஃபாவுல, விரல்ல 98 காட்டிக்கிட்டு உக்காந்திருக்கறப்ப: 11.7.

அந்த நம்பரை மூணு தடவை போட்டுப் பார்த்தேன். எவரெஸ்ட் அடிவார முகாம்ல நிக்கற ஒருத்தியை விட என் ரத்தத்துல ஆக்சிஜன் கம்மி. அந்த ரத்தத்தோடதான் சமைச்சிருக்கேன், ரவுண்ட்ஸ் போயிருக்கேன், மருதமலை ஏறியிருக்கேன். (மருத்துவ நண்பர்கள் சண்டைக்கு வருமுன்: ரெண்டும் ஒண்ணு இல்லன்னு எனக்குத் தெரியும். உயரத்துல அழுத்தம் குறையும், ரத்தசோகையில அழுத்தம் குறையாது, இதயம் வேகமா அடிச்சு ஈடுகட்டும். அந்த 178 அதுதான்.) மெதுவாக் குறைஞ்சதால உடம்பு பழகிடுச்சு. களைப்புன்னு கூடத் தோணல. "இப்படித்தான் இருக்கும் போல" ன்னு தோணுச்சு.

இந்த ரத்தத்தோட 3260 போயிருந்தா 10.7. துணையா ஒரே ஒரு ஆள், அதுவும் செங்குத்து சரளையில. தலை சுத்தி ஒரு அடி தப்பி வச்சிருந்தா என்னன்னு யோசிக்கறப்ப இப்பவும் வயித்தைக் கலக்குது.

டிக்கெட்டை ரத்து பண்ணேன். பாதிப் பணம் போச்சு. வீட்ல சொல்றதுதான் கஷ்டமா இருந்துச்சு. "டாக்டர் வீட்லயே இப்படியா" ன்னு மாமியார் ஒரு வார்த்தை சொன்னாங்க, அதோட விட்டுட்டாங்க. அவர் ஒண்ணும் சொல்லல. ஐஸ் ட்ரேவை மட்டும் எடுத்து அலமாரி மேல வச்சுட்டார்.

ரத்தம் எங்க போச்சு? நாப்பதைத் தாண்டின பொண்ணுன்னா முதல் கேள்வி மாதவிடாய். ரெண்டு வருஷமாவே எனக்கு ஏழு நாள், எட்டு நாள் போகுது. முதல் மூணு நாள் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட், ராத்திரி எழுந்து மாத்தணும், கட்டி கட்டியாப் போகும். மாதவிடாய் நிக்கப் போற வயசுல இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். எங்கம்மாவுக்கும் இப்படித்தான். மதியம் சமையலறைத் தரையில சேலைத் தலைப்பை விரிச்சுப் படுத்துக்குவாங்க. "அம்மாக்கு அசதி" ன்னு நாங்க சத்தம் போடாம விளையாடுவோம். அது அசதி இல்ல, யாருமே ஒரு தடவை கூட எடுத்துப் பார்க்காத ஒரு நம்பர்னு இப்ப நினைக்கறேன்.

இரும்போட வரவு செலவைப் பாருங்க. சாப்பாட்டுலேருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக்கறது 1 முதல் 2 மில்லிகிராம். அதுல ஒரு மில்லிகிராம் தோல், குடல் வழியா சும்மாவே போயிடும். ஒரு மில்லி ரத்தம் போனா அதோட அரை மில்லிகிராம் வரைக்கும் இரும்பும் போகும். மாசம் 150 மில்லி போனா, ரத்தம் ஏற்கெனவே நீர்த்திருந்தாலும், 50 மில்லிகிராம் போயிடும். எந்த மாசமும் கணக்கு நேராகாது. பேரீச்சம்பழம், மாதுளை, பீட்ரூட் எல்லாம் நல்ல சாப்பாடு, சாப்பிடுங்க. ஆனா 8.9ஐ அதை வச்சு 12க்குத் தூக்க முடியாது. கலர் சிவப்பா இருந்தா ரத்தம் ஊறும்னா நாம தக்காளிச் சாதத்துலயே பொழைச்சிருப்போம்.

ஸ்கேன்ல கருப்பைச் சுவர்ல ஒரு நார்த்திசுக்கட்டி. மகப்பேறு மருத்துவர் பயாப்ஸி எடுத்தாங்க, கெட்டது எதுவும் இல்ல. இந்த வயசுல அதைப் பார்க்காம விடக் கூடாது. குடல்ல ரத்தக்கசிவு இருக்கான்னும் பார்த்தோம். ஓடறவங்க நிறையப் பேர் முட்டி வலிக்கு புரூஃபென் வகை மாத்திரையை மிட்டாய் மாதிரி முழுங்கறீங்க. அது வயித்துல புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், தண்ணி குறைஞ்ச உடம்புல கிட்னியையும் தொடும். ஓடற அன்னிக்குத் தயவு செஞ்சு வேண்டாம்.

எனக்கு கருப்பைக்குள்ள ஹார்மோன் காயில் வச்சாங்க. இரும்பு நரம்பு வழியா 1000 மில்லிகிராம் ஏத்தினாங்க. எல்லாருக்கும் அது வேண்டியதில்ல, பெரும்பாலானவங்களுக்கு மாத்திரையே போதும். மாத்திரைன்னதும் ஒரு விஷயம். தினமும் மூணு வேளை முழுங்கி, வயிறு கெட்டு, கருப்பா மலம் போயி, பத்தே நாள்ல நிறுத்திட்டு என்கிட்ட மறைக்கறவங்க நிறையப் பேர். ஒருநாள் இரும்பு எடுத்தா உடம்பு ஹெப்சிடின்னு ஒண்ணைச் சுரந்து, மறுநாள் இரும்பு உள்ள வர்ற கதவைக் கொஞ்சம் சாத்திடுது. ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தா உறிஞ்சறது அதிகம்னு 2017ல காட்டினது சூரிச் ஆய்வாளர்கள், இரும்பு குறைவா இருந்த இளம்பெண்களை வச்சு. நான் ஏறப் போற மலையும் அதே நாட்டுலதான் இருக்கு. உங்களுக்கு எந்த முறைன்னு உங்க மருத்துவர்கிட்ட கேளுங்க.

அப்புறம் டீ, காபி. இரும்பு மாத்திரைக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரமாவது விடுங்க. சாப்பிட்ட கையோட ஃபில்டர் காபி குடிச்சா சாப்பாட்டுல இருக்கற கொஞ்சநஞ்ச இரும்பும் போச்சு. இதைச் சொன்னா கோயமுத்தூர்ல யாரும் கேக்கறதில்ல. நானும் ரொம்ப நாள் கேக்கல.

ஏழு வாரத்துல 12.1. மூணு மாசத்துல 12.9. ஐஸ் ஆசை அதுக்கெல்லாம் முன்னாடியே, ரெண்டாவது வாரத்துலேயே சட்டுனு நின்னுருச்சு. யாரோ சுவிட்ச் அணைச்ச மாதிரி. எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். மருதமலையில மணிக்கு 380, அப்புறம் 430, போன மாசம் 470. ஷூ பழசுதான்.

இப்ப இந்த வருஷத் திட்டம். ஆர்வம் இருக்கறவங்களுக்காக விவரமா.

செர்மாட்டுல காருக்கு இடமில்ல, ட்ரெயின்லதான் போகணும். போய் ரெண்டு ராத்திரி அங்க தூக்கம். மூணாவது நாள் கோர்னர்கிராட் மலைக்கு ட்ரெயின்ல போறோம். 1898லேருந்து ஓடற பல்சக்கர ரயில், 3089 மீட்டர் வரைக்கும் உக்காந்த இடத்துலேருந்தே போயிடலாம், நம்ம ஊட்டி ரயிலோட சொந்தக்காரன். மேல நாலு மணி நேரம் நடந்து பார்ப்போம். தலைவலி, குமட்டல், அசாதாரண மூச்சுத்திணறல் எதுவும் இல்லன்னா அடுத்த நாள் குடில். உயர நோய் பெரும்பாலும் 2500 மீட்டருக்கு மேல போய் ஆறேழு மணி நேரம் கழிச்சு, அங்கேயே தங்கறவங்களுக்குத்தான் வருது. நாங்க அன்னிக்கே இறங்கறோம், அதனால மாத்திரை எடுக்கப் போறதில்ல. நேரா விமானத்துல லே போய் 3500 மீட்டர்ல இறங்கறவங்க கதை வேற. முதல் ரெண்டு நாள் சும்மா இருங்க, போறதுக்கு முன்னாடி மருத்துவர்கிட்ட அசெட்டஸோலமைடு பத்திக் கேளுங்க. பெண்கள் அப்படியே ஹீமோகுளோபினும்.

ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில் டெஸ்ட் மூணும் பண்ணிட்டேன். நாப்பதுக்கு மேல திடீர்னு மலையோ மாரத்தானோ கிளம்பறவங்களுக்கு இதுல எது தேவைன்னு உங்க ரத்த அழுத்தம், சர்க்கரை, குடும்ப வரலாறு தெரிஞ்சவர் சொல்லணும், வாட்ஸ்ஆப் குரூப் சொல்லக் கூடாது.

கிளம்பறது 6 மணி. ஷ்வார்ட்சே ஏரி 8.15, அதிகபட்சம் 9.00. ஒன்பதைத் தாண்டினா அங்கேயே காபி, கேபிள் கார்ல கீழ. குடில் 10.15 முதல் 10.45. எங்க இருந்தாலும் 11.30க்குத் திரும்பல். இறங்கறப்ப ஷ்வார்ட்சே வரைக்கும் கால்ல, அதுக்கப்புறம் தொடை எப்படி இருக்குன்னு பார்த்து கேபிள் கார். விழறது பெரும்பாலும் இறங்கும்போதுதான். 1865 ஜூலை 14ல இந்த மலை உச்சியை முதன்முதலா தொட்ட ஏழு பேர்ல நாலு பேர் செத்ததும் இறங்கறப்பதான். நான் அவங்க ஏறின இடத்துக்குப் போகலதான், ஆனா களைச்ச காலுக்குச் சரளை எல்லாம் ஒண்ணுதான்.

பையில: மழைச்சட்டை, கம்பளிச் சட்டை, கையுறை, அலுமினியப் போர்வை, நெத்தி விளக்கு, விசில், ரெண்டு லிட்டர் தண்ணி, உப்பு, எள்ளுருண்டை, கடலைமிட்டாய். ஜூலையிலயும் ஆகஸ்ட்லயும் கூட அந்த உயரத்துல பனி விழலாம். மீட்புக்கு ஹெலிகாப்டர் வரும், எண் 144. சும்மா வராது, பில் வரும். அதனால மலை மீட்பையும் சேர்த்து இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கேன். சாதாரணப் பயண இன்ஷூரன்ஸ்ல அது பல சமயம் இருக்காது, சின்ன எழுத்தைப் படிங்க.

ஒரே ஒரு மாற்றம், போன வருஷ ஷீட்டுக்கும் இதுக்கும். நேரத்தை மாத்தற உரிமையை என்கிட்டேருந்து எடுத்துட்டேன். ஷீட்டை பூட்டி, பாஸ்வேர்டைப் பெரியவகிட்ட கொடுத்திருக்கேன். அவளுக்கு 17 வயசு, ஈவு இரக்கம் கிடையாது. மலையில நான் இருக்கற இடம் அவ ஃபோன்ல தெரியும். 9.00க்கு ஏரியைத் தாண்டலன்னாலோ, 11.30க்குத் திரும்பலன்னாலோ அவ என் தோழிக்குத்தான் ஃபோன் பண்ணுவா, எனக்கு இல்ல. என்கிட்ட பேசினா நான் சமாளிச்சிடுவேன்னு அவளுக்குத் தெரியும். "இன்னும் பத்து நிமிஷம்தாண்டா கண்ணு" ன்னு சொல்வேன். சொல்லியிருக்கேன், ஓ.பி.லேருந்து, பல வருஷமா.

அவர் மட்டும் நேத்து கேட்டார், "நூறு மீட்டர் கீழ நிக்கறே, குடில் கண்ணுக்குத் தெரியுது, மணி 11.30. திரும்பிடுவியா?" ன்னு. திரும்பிடுவேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துட்டு, "சரி" ன்னார். நம்பினாரான்னு தெரியல. எனக்கே முழுசாத் தெரியல, அதனாலதான் பாஸ்வேர்ட் என்கிட்ட இல்ல.

போன வாரம் ஓ.பி.ல ஒரு அம்மா. கட்டட வேலை. கால் வலின்னு வந்தாங்க. கண் இமையை இழுத்துப் பார்த்தா வெள்ளைக் காகிதம். டெஸ்ட்ல 6.2. தினமும் சித்தாளா செங்கல் தூக்கி மூணு மாடி ஏறறாங்களாம். "மூச்சு வாங்குமாம்மா?" ன்னு கேட்டேன். "மாடி ஏறினா யாருக்குத்தான் வாங்காது சாமி" ன்னாங்க. 6.2க்குக் கணக்குப் போட்டா எட்டுக்கும் சொச்சம் வருது. நான் ஏறப் போற மலையெல்லாம் அவங்க ஏறற மாடிக்கு முன்னாடி ஒண்ணுமில்ல, அவங்க கைக்கு சம்பளமும் வேற குறைச்சல். அன்னிக்கே அட்மிட் பண்ணோம்.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுல 15லேருந்து 49 வயசுப் பெண்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாடு முழுக்க 57. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல இந்த டெஸ்ட் இலவசம். ஒரு துளி ரத்தம். வீட்ல அம்மா, அக்கா, மனைவி, சமையல் செய்ய வர்றவங்க யாராவது ஐஸ் கடிக்கறாங்களா, அரிசி மெல்லறாங்களா, மாடிப்படி நடுவுல நிக்கறாங்களான்னு பாருங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள பேட் மாத்த வேண்டியிருக்கா, ஏழு நாளுக்கு மேல போகுதா, கட்டியாப் போகுதான்னு கேளுங்க. ஆம்பளைங்களும் கேக்கலாம், ஒண்ணும் ஆகிடாது.

புதன்கிழமை வரைக்கும் எனக்கு ஓ.பி. இருக்கு. கேள்வி இருந்தா கீழ போடுங்க, ராத்திரி உக்காந்து பதில் போடறேன். ரிப்போர்ட் படத்துல பேர், ஃபோன் நம்பரை மறைச்சுட்டு அனுப்புங்க. வியாழன் ராத்திரிக்கு மேல பத்து நாள் பதில் வராது. ஷீட்டைக் கேக்கறவங்களுக்கு: தர்றேன், ஆனா பாஸ்வேர்ட் பெரியவகிட்டதான் வாங்கணும்.